டிலே பெடலைச் சேர்த்ததும் வரும் கீச்சொலி, பெரிய அடாப்டர் போட்டால் போகுமா?

பாலக்கோட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கிட்டாரின் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கிற பெட்டிகளான பெடல்களை அடுக்கிய பெடல்போர்டில் ஆறு பெடல்: ட்யூனர், கம்ப்ரஸர், ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், கோரஸ், கடைசியில் எதிரொலி கொடுக்கிற டிஜிட்டல் டிலே. ஆறுக்கும் சேர்த்து ஒரே 9 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர். அதிலிருந்து வரிசையாகக் கிளை பிரியும் ஒரு செயின் வயர். ஐந்து பெடல் வரை அமைதியாக இருக்கிறது. டிலேக்கும் கரண்ட் கொடுத்தவுடன் 'கீ' என்று ஒரு மெல்லிய சத்தம் கிளம்புகிறது, ஓவர்டிரைவை மிதித்தால் அது இன்னும் பெரிதாகிறது. அடாப்டருக்குத் தெம்பு போதவில்லை, 3 ஆம்பியர் வாங்குங்கள் என்று கடையில் சொன்னார்களாம். அவ்வளவு ஆம்பியர் கொடுத்தால் பெடல் கருகிவிடுமோ என்று உங்களுக்குப் பயம். தனித்தனி அவுட்புட் உள்ள ஐசொலேட்டட் சப்ளை வாங்கலாம் என்றால் பத்தாயிரத்துக்கு மேல் சொல்கிறார்கள். ஆடித் திருவிழாக் கச்சேரிகள் தொடங்குவதற்குள் முடிவெடுக்க வேண்டும்.

மூன்று கேள்வி மாதிரித் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். சத்தத்துக்குக் காரணம் கரண்ட் போதாததா, இல்லை அந்தக் கரண்ட் போய்த் திரும்புகிற பாதையா? நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு ஆறேழு வருடம் ஆர்க்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசித்தேன். அதற்கப்புறம் இருபது வருடத்துக்கு மேலாகக் கிருஷ்ணகிரியில் ஆம்ப்ளிஃபையர், மிக்ஸர், கீபோர்டு சர்வீஸ் செய்கிறேன். உங்கள் போர்டை நான் கண்ணால் பார்க்கவில்லை. அதனால் எது நிச்சயம், எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

நிச்சயமானதிலிருந்து தொடங்குகிறேன். வோல்ட்டும் பின்னின் துருவமும் பெடலில் எழுதியிருக்கிறபடியே இருக்க வேண்டும். ஆம்பியர் மட்டும் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் பாதகமில்லை. கிணறு பெரிது என்பதற்காகக் குடத்தில் தண்ணீர் வழியாது; குடம் கொள்கிற அளவுதான் மொள்ளும். 10 மில்லி ஆம்பியர் கேட்கிற ஓவர்டிரைவ், 3 ஆம்பியர் அடாப்டரில் மாட்டினாலும் அதே 10 மில்லி ஆம்பியரைத்தான் எடுக்கும். ஆகவே 3 ஆம்பியர் உங்கள் பெடலை எரிக்காது. ஆனால் உங்கள் சத்தத்தையும் போக்காது. கணக்குப் போட்டால் ஏன் என்று புரியும். ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், கம்ப்ரஸர் போன்ற அனலாக் பெடல்கள் பெரும்பாலும் ஆளுக்கு 10 மில்லி ஆம்பியரைச் சுற்றித்தான் எடுக்கும். கோரஸும் ட்யூனரும் 20, 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் டிலே 60 முதல் 100 வரை கேட்கலாம். எல்லாம் சேர்த்தாலும் 200 மில்லி ஆம்பியர் தாண்டுவது கஷ்டம். உங்களிடம் இருப்பதோ 1000. ஐந்தில் ஒரு பங்குகூடச் செலவாகாத இடத்தில் தெம்பு போதவில்லை என்பது பொருந்தாத வைத்தியம். பெரும்பாலான பெடல்களின் அடித்தகட்டில் எண் அச்சிட்டிருக்கும், ஒரு தடவை கவிழ்த்துப் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

துருவம் என்று சொன்னேன். கிட்டார் பெடல் உலகத்தின் வழக்கம், பின்னின் நடுப்பகுதி நெகட்டிவ், வெளி உறை பாசிட்டிவ். வீட்டில் இருக்கிற மற்ற சாமான்களில் பெரும்பாலானவற்றுக்கு இது நேர் எதிர். ஏன் இப்படி வைத்தார்கள் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. பெடலுக்குள் 9 வோல்ட் பேட்டரியும் இருக்கும். அடாப்டர் பின்னைச் செருகினால் பேட்டரி தானாகத் துண்டாக வேண்டும். அந்த சாக்கெட்டில் துண்டிக்கிற தகடு வெளி உறைப் பக்கம் இருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவை ஏற்கெனவே கிட்டார் கேபிள் செருகுகிற ஜாக் இணைத்துத் துண்டிக்கிறது. மீதி இருக்கிற பாசிட்டிவை வெளி உறைக்குக் கொடுத்துவிட்டார்கள். 1970களின் கடைசியில் பாஸ் நிறுவனத்தின் சிறிய பெடல்கள் பரவிய காலத்திலிருந்து மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

இதில்தான் ஆபத்து. இன்டர்நெட் மோடத்துக்கும் டிவி செட்டாப் பாக்ஸுக்கும் வருகிற அடாப்டரின் பின் உங்கள் பெடலில் அச்சாக உட்காரும். அவற்றில் பெரும்பாலானவை 12 வோல்ட், நடுவில் பாசிட்டிவ். போன வருடம் ஒரு பையன் கோரஸ் பெடல் கொண்டுவந்தான். மேடையில் அடாப்டர் காணாமல் போக, மண்டபத்து மோடத்தின் அடாப்டரைப் பிடுங்கி மாட்டியிருக்கிறான். அடித்தகட்டின் நான்கு திருகையும் கழற்றித் திறந்தவுடனேயே கருகிய வாடை. பவர் சாக்கெட்டுக்கு அடுத்து இருந்த சின்ன டையோடு இரண்டாக வெடித்திருந்தது, பக்கத்து ரெசிஸ்டரின் வர்ணக் கோடுகள் கருத்துப் போயிருந்தன. அந்த டையோடு தலைகீழ் கரண்டைத் தன் மேல் வாங்கிக்கொண்டு மற்றவற்றைக் காப்பாற்றத்தான் அங்கே இருக்கிறது. இரண்டையும் மாற்றினேன், பெடல் பிழைத்தது. எல்லாப் பெடலிலும் அப்படி ஒரு காவல் இருக்கும் என்று நம்பாதீர்கள். சில பெடல்களுக்குள் 9 வோல்ட்டை நெகட்டிவ் வோல்ட்டாகவோ இரட்டிப்பாகவோ மாற்றுகிற குட்டி ஐசி இருக்கும். அதில் சில வகை 10 வோல்ட்டைத் தாண்டினாலே செத்துப்போகும். எலக்ட்ரிக் கடைகளில் கிடைக்கும், 3 முதல் 12 வோல்ட் வரை தள்ளு ஸ்விட்ச் வைத்த பல்நோக்கு அடாப்டரும் வேண்டாம். 9 வோல்ட்டில் வைத்துச் சுமையில்லாமல் மீட்டரில் பார்த்தால் 13, 14 என்று காட்டுகிறவை என் மேஜைக்கு எத்தனையோ வந்திருக்கின்றன. துருவம் மாற்றுகிற ஸ்விட்சும் அதிலேயே இருக்கும். பையில் உருண்டு வரும்போது அது நகர்ந்தால் யாருக்கும் தெரியாது.

சரி, சத்தத்துக்கு வருகிறேன். செயின் வயரில் ஆறு பெடலின் நெகட்டிவும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. அதே ஆறு பெடலையும், பெடலுக்குப் பெடல் ஒலியைக் கொண்டுபோகிற பேட்ச் கேபிளின் வெளி வலை, அதாவது ஷீல்டு, இன்னொரு தடவை ஒன்றாக இணைக்கிறது. பெடலுக்குள் நெகட்டிவும் ஷீல்டும் ஒரே இடத்தில்தான் சேர்கின்றன. ஆகவே கரண்ட் அடாப்டருக்குத் திரும்பிப் போக ஒவ்வொரு பெடலிலிருந்தும் இரண்டு வழி: ஒன்று பவர் வயர், இன்னொன்று பாட்டு போகிற கேபிளின் ஷீல்டு. அனலாக் பெடல் கரண்டைச் சீராக, அமைதியாகக் குடிக்கும். டிஜிட்டல் பெடல் அப்படியல்ல. உள்ளே கடிகாரம் மாதிரித் துடித்துக்கொண்டே இருக்கிற சிப், விநாடிக்கு ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான தடவை விட்டு விட்டு இழுக்கும். அந்தத் துடிப்பில் ஒரு பங்கு ஷீல்டு வழியாகத் திரும்புகிறது. ஷீல்டு எவ்வளவு நல்ல செம்பாக இருந்தாலும் அதற்குக் கொஞ்சம் தடை உண்டு. தடையில் கரண்ட் ஓடினால் சின்ன வோல்ட் பிறக்கும். கிட்டாரிலிருந்து வருவதே மில்லி வோல்ட் கணக்குதான், அதோடு இந்தத் துடிப்பும் சேர்ந்துகொள்கிறது. ஓவர்டிரைவின் வேலை சின்னதைப் பெரிதாக்குவது. நாதமா கீச்சொலியா என்று அதற்குத் தெரியாது, இரண்டையும் சேர்த்தே ஊதிப் பெரிதாக்குகிறது. டிலே கடைசியில் இருந்தும் சத்தம் முன்னால் இருக்கிற ஓவர்டிரைவை மிதித்ததும் கூடுவதற்கு இதுதான் காரணம். பாசிட்டிவ் வயர் வழியாகவும் இந்தத் துடிப்பு மற்றப் பெடல்களுக்குப் பரவும். மலிவான பெடல்களில் அதை வடிகட்டுகிற கெபாசிட்டர் சிறிதாக இருக்கும்.

ஆக, ஒரே வாய்க்காலில் எல்லாரும் கழிவுநீர் விடுகிற கதை. கிணற்றை ஆழப்படுத்தி வாய்க்காலைச் சுத்தம் செய்ய முடியாது.

இது வரைக்கும் சொன்னது எந்த போர்டுக்கும் பொருந்துகிற இயற்பியல். உங்கள் கீச்சொலி இந்த வழியாகத்தான் வருகிறது என்பது மட்டும் என் ஊகம். பலமான ஊகம்தான், ஆனாலும் காசு செலவு செய்வதற்கு முன் சோதித்துவிடுங்கள். அரை மணி நேர வேலை.

முதலில் கிட்டாரை நேராக ஆம்ப்ளிஃபையரில் செருகிக் கேளுங்கள். 'உம்ம்' என்று அடித்தொண்டைச் சத்தம் வந்து, நீங்கள் கிட்டாரோடு திரும்பி நிற்கும்போது அது கூடிக் குறைந்தால் அது பிக்கப், அதாவது கிட்டார் கம்பிக்கு அடியில் இருக்கிற காந்தச் சுருள், பிடிக்கிற சத்தம், பெடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்புறம் போர்டை முழுதாக இணைத்து, கீச்சொலி கேட்கிறது என்று உறுதி செய்துகொண்டு, டிலேயின் இரண்டு ஆடியோ கேபிளையும் உருவிவிடுங்கள். கோரஸிலிருந்து நேராக ஆம்ப்ளிஃபையருக்குப் போகட்டும். டிலேயின் பவர் பின்னை மட்டும் செயினிலேயே விட்டுவையுங்கள். இப்போதும் கீச்சொலி கேட்டால் சந்தேகமே வேண்டாம், பவர் வயர் வழியாகத்தான் அது பரவுகிறது. ஆடியோ கேபிளே இல்லாத பெடல் வேறு எந்த வழியாக உங்கள் காதுக்கு வரும்? சத்தம் நின்றுவிட்டால் இன்னொரு படி பாக்கி இருக்கிறது. ஆடியோவைப் பழையபடி இணைத்து, டிலேயை மட்டும் செயினிலிருந்து பிரித்து 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டுங்கள். பேட்டரி வைக்க இடமில்லாத பெடல் என்றால் வேறொரு நல்ல 9 வோல்ட் பெடல் அடாப்டரை நண்பரிடம் இரவல் வாங்கி மாட்டுங்கள். சத்தம் போய்விட்டதா, பாதையைப் பிரித்தால் போதும். பேட்டரியிலும் அதே கீச்சொலி இருந்தால் அது அந்தப் பெடலின் வயிற்றுக்குள்ளேயே பிறக்கிறது. எந்தச் சப்ளை வாங்கினாலும் போகாது, அந்தப் பெடலைத்தான் பார்க்க வேண்டும். அல்கலைன் பேட்டரி வாங்குங்கள். சாதாரண 9 வோல்ட் பேட்டரி டிஜிட்டல் பெடலில் சீக்கிரம் இறங்கிவிடும், இறங்கும்போது அது வேறு விதமாகக் கரகரக்கும், உங்களைக் குழப்பும்.

சத்தத்தின் குரலைக் கேட்டே பாதி நோயைச் சொல்லலாம். நம் ஈபி கரண்ட் 50 ஹெர்ட்ஸ். எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வளையம் போட்டால் அந்த 50 கேட்கும், கனமான 'உம்ம்'. அடாப்டருக்குள் வடிகட்டி சரியில்லை என்றால் கேட்பது அதைப் போல் இரண்டு மடங்கு, 100 ஹெர்ட்ஸ். கொஞ்சம் முரட்டுத்தனமான 'உர்ர்'. கீச்சென்று கொசு மாதிரி வருவது டிஜிட்டல் பெடலின் துடிப்பு அல்லது செல்போன் சார்ஜர் மாதிரி எடை குறைந்த ஸ்விட்சிங் அடாப்டர். கோரஸின் வேகத்துக்கு ஏற்ப 'டிக் டிக்' என்று வந்தால் கோரஸ் பெடலின் உள் ஊஞ்சல் பவர் வயரில் தட்டுகிறது. அசைத்தால் கரகர என்று அறுந்து அறுந்து வந்தால் பின்னைப் பாருங்கள். பெடல் சாக்கெட்டின் நடுக்குச்சி 2.1 மில்லி மீட்டர். 2.5 ஓட்டை உள்ள பின்னும் செருகிக்கொள்ளும், ஆனால் உள்ளே ஆடிக்கொண்டே இருக்கும்.

சோதனை நான் நினைக்கிறபடி முடிந்தால் உங்களுக்குப் பத்தாயிரம் தேவையில்லை. இருக்கிற 1 ஆம்பியர் அடாப்டரையும் செயினையும் ஐந்து பெடலுக்கு அப்படியே விட்டுவிடுங்கள். டிலேக்கு மட்டும் பெடலுக்கென்றே விற்கிற இன்னொரு சிறிய 9 வோல்ட் அடாப்டர், 300 அல்லது 500 மில்லி ஆம்பியர், வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு அடாப்டருக்குள்ளும் தனித்தனி டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் இரண்டின் நெகட்டிவுக்கும் நடுவில் உலோகத் தொடர்பு கிடையாது. அதுவே ஐசொலேஷன். விலையுயர்ந்த பெட்டிக்குள் நடப்பதும் இதுதான்; ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் தனிச் சுற்று, தனி வடிகட்டி. மேடையில் இரண்டு அடாப்டரைச் சுமப்பது தொந்தரவுதான், ஆனால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை போர்டுக்கு அடியில் திருகி வைத்துவிட்டால் வெளியே ஒரே வயர்தான் வரும்.

நாளைக்கு ரிவெர்ப், லூப்பர் என்று டிஜிட்டல் பெடல்கள் சேரப்போகிறது என்றால் ஐசொலேட்டட் பெட்டி வாங்குவது நியாயம். உலகம் முழுக்கப் புழங்குகிற வூடூ லேப் பெடல் பவர் 2 பிளஸ் பெட்டியில் எட்டு அவுட்புட். ஆறு 100 மில்லி ஆம்பியர், இரண்டு 250. ஸ்ட்ரைமன் ஜூமாவில் ஒன்பது, ஒவ்வொன்றும் 500. இப்படி ஒவ்வொரு ஓட்டைக்கும் எவ்வளவு என்று பார்த்து வாங்க வேண்டும். மொத்தம் இவ்வளவு என்று மட்டும் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். ஸ்ட்ரைமன் பிக்ஸ்கை மாதிரி ரிவெர்ப் ஒன்றே 300 மில்லி ஆம்பியர் கேட்கும், அதை 100 ஓட்டையில் செருகினால் பெடல் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும், எழாது. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வருகிறார் என்றால் பெட்டியின் பின்பக்கம் 230 வோல்ட் எழுதியிருக்கிறதா என்று போட்டோ கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவுக்கான டிரான்ஸ்ஃபார்மர் வகைகள் 120 வோல்ட் மட்டும் தாங்கும்.

மலிவு விலையில் ஐசொலேட்டட் என்று எழுதி விற்கிற பெட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் நிறைய பெட்டிக்குள் எல்லா நெகட்டிவும் ஒரே செம்புத் தகட்டில்தான் சேர்கின்றன. ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் ஷார்ட் பாதுகாப்பு மட்டும் தனித்தனியாக வைத்துவிட்டு அதையே பெரிய எழுத்தில் போடுகிறார்கள். கண்டுபிடிப்பது சுலபம். பெட்டியைச் சுவர் கரண்டிலிருந்து முழுக்கப் பிடுங்கிவிட்டு இரண்டு அவுட்புட்டில் வயரைச் செருகுங்கள். மல்டிமீட்டரைப் பீப் அடிக்கிற நிலையில் வைத்து, ஒரு குச்சியை முதல் பின்னின் நடு ஓட்டையிலும் இன்னொன்றை இரண்டாவது பின்னின் நடு ஓட்டையிலும் விடுங்கள். பீப் அடித்தால் அது அழகான பெட்டிக்குள் அடைத்த செயின் வயர், அவ்வளவுதான். எல்லா ஜோடிக்கும் பார்த்துவிடுங்கள், சிலவற்றில் இரண்டு மூன்று மட்டும் தனியாகவும் மற்றவை ஒட்டியும் இருக்கும். வாங்கின அன்றே பாருங்கள், திருப்பிக் கொடுக்க நாள் இருக்கும்போது.

கையில் சால்டரிங் பழக்கம் இருந்தால் நீங்களே கட்டலாம். நான் என் போர்டுக்கு அப்படித்தான் கட்டினேன். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் தனித்தனியாக நான்கு 12 வோல்ட் சுற்று போட்ட டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு 4007 டையோடு, 35 வோல்ட் தாங்கும் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், வோல்ட்டை 9இலேயே நிறுத்துகிற ஒரு 7809 ரெகுலேட்டர். எதற்கு 9 வோல்ட்டுக்கு 12 வோல்ட் சுற்று என்று கேட்கலாம். 12 வோல்ட் ஏசியை டிசியாக நேராக்கினால் உச்சத்தில் சுமார் 17, டையோடுகள் 1.4 தின்றுவிட்டால் பதினைந்தரை. 7809 சரியாக வேலை செய்யத் தன் வாசலில் குறைந்தது 11 வோல்ட்டாவது எதிர்பார்க்கும். நம் கிராமங்களில் சாயங்காலம் மோட்டார் எல்லாம் ஓடும்போது 230 என்பது 180க்கு இறங்குவது உண்டு. அப்போது இந்தப் பதினைந்தரை 12க்குப் பக்கத்தில் வந்து நிற்கும், அப்போதும் பெடலுக்கு 9 குறையாமல் போகும். 9 வோல்ட் சுற்று போட்டிருந்தால் பாதிப் பாட்டில் டிலே மயங்கியிருக்கும். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள், இப்படி நேராக்கும்போது 250 மில்லி ஆம்பியர் சுற்றிலிருந்து சுமார் 150தான் பத்திரமாக எடுக்கலாம். 230 வோல்ட் பக்கத்தைக் கட்டத் தயக்கம் இருந்தால், தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், இல்லை விட்டுவிடுங்கள். வா வா பெடல் (காலால் முன்னும் பின்னும் ஆட்டி ஒலியை மாற்றுவது) இருந்தால் பெட்டியை அதிலிருந்து தள்ளி வையுங்கள். வா வாவுக்குள் ஒரு சுருள் இருக்கிறது, டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் போனாலே அது உறுமும்.

செயினில் எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்கக் கூடாத பெடல்கள் சில உண்டு. 1960களின் ஃபஸ் பேஸ் வழியில் வந்த ஜெர்மானியம் டிரான்ஸிஸ்டர் ஃபஸ் பெடல்கள் (ஒலியைக் கரகரப்பாக்குபவை) பலவற்றில் பாசிட்டிவ்தான் பூமி, அதாவது ஷீல்டோடு சேர்வது நெகட்டிவ் அல்ல, பாசிட்டிவ். அதையும் மற்றப் பெடலையும் ஒரே செயினில் போட்டால், ஆடியோ கேபிளின் ஷீல்டு வழியாக அடாப்டரின் பாசிட்டிவும் நெகட்டிவும் நேராக முட்டிக்கொள்ளும். அதைத் தனி பேட்டரியிலோ உண்மையான ஐசொலேட்டட் அவுட்புட்டிலோ மட்டும் ஓட்டுங்கள். டிஜிடெக் வேமியின் நான்காம் பதிப்பும், லைன் 6 நிறுவனத்தின் பழைய பச்சை டிஎல்4 டிலேயும் 9 வோல்ட் ஏசி கேட்பவை. பின் பொருந்தினாலும் அவற்றின் அடாப்டரை உங்கள் பெடலில் மாட்டாதீர்கள். நான் 18, 24 வோல்ட் வயர்களின் முனையில் சிவப்பு நெயில் பாலிஷ் தடவி வைத்திருக்கிறேன். மேடை இருட்டில் அதுதான் கண்ணில் படும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. திருவிழா மேடையின் கரண்ட், வீட்டுக் கரண்ட் அல்ல. ஒரே லைனில் சீரியல் செட், டிம்மர், மைக் செட், பலூன் ஊதுகிற மோட்டார் எல்லாம் ஓடும். எர்த் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. சத்தம் வருகிறது என்று மூன்று பின் பிளக்கின் பெரிய எர்த் பின்னை உடைத்துப் போடுகிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது, எர்த் வளையம் அறுந்து சத்தம் குறைவதும் உண்மை. ஆனால் ஆம்ப்ளிஃபையருக்குள் ஏதாவது கசிந்தால் அந்த 230 வோல்ட் உங்கள் கிட்டார் கம்பிக்கு வந்து நிற்கும், இன்னொரு பக்கம் உதட்டில் மைக். 1972இல் இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸில், ஸ்வான்ஸீ நகரத்து மேடையில், லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு அங்கேயே இறந்துபோனார். எர்த் பின்னை உடைக்காதீர்கள், உடைக்க விடாதீர்கள். சத்தத்தை நிறுத்த, கிட்டாரை மிக்ஸரோடு இணைக்கிற டிஐ பாக்ஸில் இருக்கிற கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைப் பயன்படுத்துங்கள். அது ஆடியோ ஷீல்டை மட்டும் பிரிக்கும், உயிர் காக்கிற எர்த்தைத் தொடாது. கூடவே உங்கள் ஆம்ப்ளிஃபையரையும் போர்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுங்கள். வேறு வேறு மூலையிலிருந்து கரண்ட் எடுத்தால் எர்த் வளையத்தை நீங்களே கட்டுகிறீர்கள்.

இதில் ஒரு குழப்பமும் வரும். இரண்டு பின் ஸ்விட்சிங் அடாப்டர் மட்டும் மாட்டியிருக்கும்போது பெடலின் தகட்டில் கை பட்டால் சுருக்கென்று இருக்கலாம், டெஸ்டர் மங்கலாக எரியலாம். அந்த அடாப்டருக்குள் இருக்கிற சின்னக் கெபாசிட்டர் வழியாக வருகிற மிகச் சிறிய கசிவு அது. எர்த் உள்ள ஆம்ப்ளிஃபையரோடு கேபிள் இணைந்ததும் நின்றுவிடும். இணைத்த பிறகும் சுருக்கென்றால் அந்த இடத்தில் எர்த் இல்லை என்று அர்த்தம், வாசிப்பதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வோல்ட்டையும் ஒரு தடவை பாருங்கள். காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மயானக் கொள்ளைக் கச்சேரியில், மூன்று பேஸ் ஜெனரேட்டரின் நியூட்ரல் வயர் தளர்ந்துபோய், எங்கள் பக்கத்து லைனில் மட்டும் வோல்ட் ஏறிவிட்டது. கீபோர்டு அடாப்டர், என் பெடல் அடாப்டர், இரண்டு சின்ன லைட் எல்லாம் ஒரே நிமிடத்தில் போயின. நியூட்ரல் விட்டால் 230 இருந்த இடத்தில் 300, அதற்கு மேலும் வரும். அடாப்டர் தாங்குகிற எல்லையோ பெரும்பாலும் 240 என்றுதான் எழுதியிருக்கும். அன்றிலிருந்து மல்டிமீட்டரை ஏசி 750 நிலையில் வைத்துப் பாக்ஸில் ஒரு தடவை பார்க்காமல் நான் எதையும் செருகுவதில்லை. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 220, 240, பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட். இது மூன்றும் சரியாக இருந்தால் தைரியமாக மாட்டலாம்.

மேடைக் கரண்டையே நம்ப வேண்டாம் என்றால் பவர் பேங்க் ஒரு நல்ல வழி. 5 வோல்ட்டை 9 ஆக ஏற்றுகிற, முனையில் நடு நெகட்டிவ் பின் உள்ள யுஎஸ்பி வயர் கிடைக்கிறது. 10,000 மில்லி ஆம்பியர் மணி பேங்க் என்பது 3.7 வோல்ட் கணக்கில், அதாவது 37 வாட் மணி. மாற்றுகிற வழியில் கொஞ்சம் போக 30 கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், உங்கள் ஆறு பெடலுக்கும் சேர்த்து 2 வாட்டுக்குள்தான் செலவு; ராத்திரி முழுக்கக் கச்சேரி நடந்தாலும் தாங்கும். ஒரே ஒரு எச்சரிக்கை, சுமை ரொம்பக் குறைவாக இருந்தால் சில பேங்க் யாரும் இல்லை என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். டிலேக்கு மட்டும் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் வீட்டில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மேடைக்குக் கொண்டுபோங்கள். அந்த மாற்றி வயரும் சில சமயம் தானே கீச்சிடும், அதையும் அப்போதே காதால் கேட்டுவிடலாம்.

இன்றைக்கு அந்த ஆடியோ கேபிளை உருவுகிற சோதனையை மட்டும் செய்யுங்கள். டிலேயின் பெயர், அடித்தகட்டில் இருக்கிற மில்லி ஆம்பியர், பவர் மட்டும் இருந்தபோது சத்தம் கேட்டதா நின்றதா, இந்த மூன்றையும் இங்கேயே எழுதுங்கள். இரண்டாவது அடாப்டர் வாங்கலாமா, டிலேயைத் திறந்து பார்க்க வேண்டுமா என்று அதை வைத்துச் சொல்கிறேன்.